எல்லைக்கல்லுக்கு அங்கால முப்பத்தெட்டு வீடு

பக்கத்து நிலத்தை ஒரு நகரம் தன்னோடு சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்று என்னைக் கேட்டால், குடையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையில் வீடு எண்ணுகிற தொழில்நுட்ப உத்தியோகத்தர்தான் என்று சொல்லுவேன். மேயர், ஆணையாளர், கொழும்பு, வர்த்தமானி எல்லாம் பிறகு. முதலில் ஒருவன் போய்ப் பார்த்து எழுத வேண்டும். அவன் எழுதியதை மேலே உள்ளவர்கள் வாசித்துக் கையெழுத்து வைப்பார்கள், வாசிக்காமலும் வைப்பார்கள். எங்கள் மாநகரசபையில் இருபது வருடத்துக்கு மேலாக அந்த ஒருவன் நானாகத்தான் இருந்தேன்.

சேர்க்கச் சொல்லி வருகிற மனுக்களில் பாதியை நான் நம்பியதில்லை. சுபாவம் அப்படி. ஒருவர் வயலை நிரப்பித் துண்டு போட்டு வைத்திருப்பார். 'ரவுனுக்குள்ள காணி' என்று சொல்லி விற்கச் சபையின் பெயர் வேண்டும். இன்னொருவருக்குத் தன் வாசலில் ஒரு மின்விளக்கு வேண்டும், அதற்காக ஊரையே கூட்டிக்கொண்டு வருவார். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று எண்ணிக்கொண்டுதான் ஒவ்வொரு கடித உறையையும் பிரிப்பேன்.

நாங்கள் பார்க்கும் விசயங்கள் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. கேட்கும் நிலம் எங்கள் எல்லையோடு ஒட்டிக் கிடக்கிறதா, இடையில் வேறு துண்டு நிற்கிறதா? எத்தனை வீடு? குப்பை எடுக்கிற உழவு இயந்திரம் உள்ளே போய்த் திரும்ப இடம் உண்டா? வருகிற வரி, செய்ய வேண்டிய வேலையில் ஒரு மூலைக்காவது காணுமா? பக்கத்துச் சபை விட்டுக்கொடுக்குமா? காணிக்காரர்களில் பெரும்பான்மையானோர் சம்மதித்துக் கையெழுத்து வைத்திருக்கிறார்களா? இவ்வளவையும் எழுதி முடித்தால் எங்கள் சபை கூடித் தீர்மானம் போடும். நாங்கள் ஆம் என்றால் மட்டும் எல்லை நகர்ந்துவிடாது, அதற்கு அரசாங்க வர்த்தமானியில் அறிவித்தல் வர வேண்டும். ஆனால் நாங்கள் இல்லை என்றால் கதை அங்கேயே முடிந்தது. பாவம் பார்ப்பதற்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

அந்த மனு ஒரு வைகாசி மாதம் வந்தது. கொப்பித் தாளில் ஒரே பக்கம், பெண் கையெழுத்து. எங்கள் எல்லைக்கல்லுக்கு அங்கால், வாவிக்கரையில் முடிகிற ஒடுக்கமான ஒரு ஒழுங்கை. முப்பத்தெட்டு வீடு. எல்லோருக்குமாக எழுதியிருந்தவள் சட்டை தைத்துச் சீவிக்கும் ஒரு பெண். விளக்கு, வாசிகசாலை, விளையாட்டு மைதானம் என்று ஒன்றும் கேட்கவில்லை. 'மாரியில் எங்கள் ஒழுங்கைக்குள் வாகனம் வராது. என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. கிழமையில் இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உங்கள் ரோட்டு எங்கள் ஒழுங்கை வாசலில் நிற்கிறது. அது உள்ளே வந்தால் போதும்' என்று எழுதியிருந்தாள். ஆணையாளர் ஓரத்தில் 'கள அறிக்கை தரவும்' என்று குறித்து எனக்கு அனுப்பினார்.

ஆனியில் போனேன். எங்கள் கொங்கிறீட் ரோட்டு கத்தியால் வெட்டியது போல எல்லைக்கல்லில் முடிந்தது. அதற்கப்பால் வெறும் மணல். கோடையில் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாத ஒழுங்கை. கிடுகு வேலி, முருங்கை, காய்கிற வலை. ஆனால் வேலிக் கம்புகளில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறைக்கோடு கடைசி வளவு வரை நேராகப் போனது. வாவியை எங்கள் ஆட்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள். மாரியில் ஆறு ஏறினால், மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்கு விடும்வரை அது இறங்காது. அதுவரை அந்த ஒழுங்கையும் ஆறுதான்.

மனு எழுதியவளின் வீடு கரையிலிருந்து மூன்றாவது. அவளுடைய கணவர் மாமரத்தின் கீழ் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். இடது கையில் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது, ஊசி போடுகிற இடம். முன்பு மேசன் வேலை செய்தவராம். நான் நாடாவைப் பிடித்து ஒழுங்கையின் அகலம் அளப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அந்தக் கொங்கிறீட் ரோட்டுப் போட்டதில நானும் ஒரு ஆள் சேர். கொந்தராத்துக்காரனோட வந்து, கல்லு வரைக்கும் போட்டம். கடைசியில ரெண்டு சட்டிக் கலவை மிஞ்சிச்சு. இஞ்சால கொட்டி வாசலடிய நிரவுவம் எண்டு கேட்டன். நிண்ட ஐயா விடல்ல. அது அடுத்த சபைட காணியாம்."

"பிறகு கலவைய என்ன செய்தீங்க?" என்று கேட்டேன்.

"என்ன செய்யிற, ஆத்துக்க கொட்டினம்."

அன்று அந்த வேலையை மேற்பார்வை செய்த ஐயா நான்தான். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லையா, தெரிந்துகொண்டுதான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் குனிந்து அளவை எழுதிக்கொண்டேன். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள், சீனியைக் கேட்டுப் போட்டாள்.

அறிக்கையைச் சாதகமாகத்தான் எழுதினேன். இரக்கப்பட்டு அல்ல. பக்கத்துச் சபையின் குப்பை வண்டி அந்த ஒழுங்கைக்கு வருவதென்றால் எங்கள் ரோட்டில் ஏறி, எங்கள் சந்தையைச் சுற்றி, எங்கள் ரோட்டாலேயே திரும்பிப் போக வேண்டும். அதனால் அது வருவதே இல்லை. வரி பெரிதாக வராது, செலவும் ஒரு ஒழுங்கைக்கு மேல் போகாது. பக்கத்துச் சபையைக் கேட்டபோது அவர்களின் செயலாளர் தொலைபேசியிலேயே, "கூட்டிக்கொண்டு போங்க சேர், நாங்க மறிக்க மாட்டம்" என்றார். எல்லை என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் மாவட்டத்தில் பத்துப் பேருக்குக் காது நிமிரும். இதில் ஒருவருக்கும் நிமிரவில்லை என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது.

ஆடியில் குழுக்கூட்டம். நான் வரைபடத்தை விரித்து விளக்கியபோது உறுப்பினர் ஒருவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பகிடி விட்டார்.

"நம்மட ஊருல மாப்பிளதான பொம்புள வீட்ட போறது. இது என்ன, பொம்புள வெளிக்கிட்டு மாப்பிள வீட்ட வாறன் எண்டு நிக்கிது?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பகிடி பகிடியாகவே போய்விட்டது. அதில் நான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய ஒரு விசயம் இருந்தது, பிடிக்கவில்லை.

குழு இணங்கியது. ஆணையாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, புரட்டாதிக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறிவிட்டால் வர்த்தமானிக்குக் காத்திருக்கத் தேவையில்லை, பக்கத்துச் சபையின் எழுத்துச் சம்மதத்தோடு மாரிக்கு முன்பே ஒழுங்கையை உயர்த்திக் கிரவல் போட்டுக் கொடுக்கலாம் என்றார். சம்மதக் கையெழுத்துத்தான் பாக்கி. நானே போய் அவளிடம் சொன்னேன். அவள் தையல் மெசினை விட்டு எழும்பி நின்றாள். "அப்ப இந்த மாரிக்கு ஓட்டோ வாசலுக்கு வருமா சேர்?" என்று கேட்டாள். "வரும்" என்றேன். அப்படி ஒருவருக்கும் உறுதி சொல்லக்கூடாது என்று எனக்குக் கீழே வேலை செய்த எல்லோருக்கும் நான் படிப்பித்திருக்கிறேன்.

கையெழுத்துப் படிவத்தை நான்தான் தயாரித்தேன். தயாரித்தேன் என்பதும் பெரிய சொல். வெள்ள நிவாரணத்துக்கு வைத்திருந்த ஒரு படிவம் கணினியில் கிடந்தது. தலைப்பை மாற்றினேன், கட்டங்களை அப்படியே விட்டேன். இலக்கம், முகவரி, குடும்பத் தலைவரின் பெயர், கையொப்பம். நிவாரணம் கொடுக்க அது சரி. அரிசியும் பருப்பும் குடும்பத்துக்குத்தானே.

அந்தத் தாளோடு வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் ஆண்கள் வந்து கையெழுத்து வைத்தார்கள். ஆற்றில் நின்றவரைக்கூடக் கூப்பிட்டு எடுத்தார்கள். அவளுடைய வீட்டில் மட்டும் அவள் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை வாசித்தாள்.

"நான் வைக்கிறதா சேர், அவர் வைக்கிறதா?"

எனக்கு வெயில் ஏறிவிட்டது. எதிர்ப்பக்க வரிசை முழுவதும் இன்னும் பாக்கி.

"குடும்பத் தலைவர் எண்டு தமிழிலதான தங்கச்சி எழுதிக் கிடக்கு? அவரே வைக்கட்டும்."

அவள் பேனையைக் கணவரின் கையில் கொடுத்தாள். அவர் முழங்காலில் ஒரு பலகைத் துண்டை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயர் முழுவதையும் எழுதினார். கையெழுத்துக்குச் சுருக்கமாக ஒரு கீறல் போதும் என்று நான் சொல்லவில்லை. நேரம் போகிறதே என்று மட்டும் நினைத்தேன்.

அன்று அந்தத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் அடுக்கினேன். என் மனைவி கறிச்சட்டியை வைக்க இடம் கேட்டு வந்தவள், ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள்.

"என்ன இது, எல்லாம் ஆம்புளையள்ட பேராக் கிடக்கு?"

"குடும்பத் தலைவர்மார்."

"காணிக்காரர்தான கையெழுத்து வைக்கோணும் எண்டு சொன்னீங்க? அந்த வளவுகள் ஆருட பேர்ல இரிக்கி? பொம்புளையள்ட பேர்லதான இரிக்கும்."

"உனக்குக் கந்தோர் விசயம் விளங்காது. சட்டிய வச்சிட்டுப் போ."

"விளங்காதுதான். இந்த வீட்டுல எந்தச் செங்கல் உங்கட பேர்ல கிடக்கு எண்டு மட்டும் ஒருக்கா யோசிச்சுப் பாருங்க."

சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னது எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விசயம். வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். தாய் மகளுக்குச் சீதனமாகக் காணி உறுதி எழுதுவாள், மகள் தன் மகளுக்கு எழுதுவாள். ஆண் கலியாணம் முடித்துப் பெட்டியோடு அங்கே போய்ச் சேருவான். நானும் அப்படிப் போனவன்தான். என் மனைவியின் தாய் எழுதிக் கொடுத்த வீட்டில் இருந்துகொண்டு, அவளுடைய மேசையில் தாளை அடுக்கிக்கொண்டு, அவளுக்கு விளங்காது என்றேன். எனக்கு விளங்கியது. ஆனால் திரும்பவும் முப்பத்தெட்டு வீடு ஏறி இறங்க வேண்டுமே என்ற அலுப்பும், பெண்சாதி சொல்லித் திருந்துவதா என்ற வீம்பும் சேர்ந்து வாயை அடைத்தன. இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று மறுநாளே கோவையைக் கட்டி மேலே அனுப்பிவிட்டேன்.

பார்த்தார்கள். புரட்டாதிக் கூட்டத்தில் சட்டம் படித்த உறுப்பினர் ஒருவர் கோவையைப் புரட்டினார். கெட்ட மனிதர் அல்ல, எதையும் வாசிக்கிற மனிதர். அவர் காணிக் கந்தோரில் எடுத்த உறுதிப் பிரதிகள் சிலதைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "கையெழுத்து வச்சவங்களுக்கு அந்த ஒழுங்கையில ஒரு சாண் நிலம் இல்ல. உரித்தாளர் ஒருவரும் கையெழுத்து வைக்கல்ல. இத வச்சுத் தீர்மானம் எடுத்தா நாளைக்கு ஆரும் வழக்குப் போடலாம்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. பிரேரணை ஒத்திவைக்கப்பட்டது. புதிதாகக் கையெழுத்து எடுத்துக் கொண்டுபோகக்கூடிய அடுத்த கூட்டம் மாரிக்குள் விழுந்தது.

மனுதாரருக்குக் கடிதம் எழுதுவதும் என் வேலைதான். 'விண்ணப்பதாரர்கள் உரிய முறையில் கையொப்பமிடாமையால் தங்கள் கோரிக்கை ஒத்திவைக்கப்பட்டுள்ளது' என்று எழுதினேன். படிவம் எங்களுடையது, கட்டம் எங்களுடையது, யார் வைக்க வேண்டும் என்று சொன்னவன் நான். ஆனாலும் அந்த வாக்கியம் எழுத ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. இருபது வருடம் இப்படித்தான் எழுதிப் பழகியிருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்துக்குக் கடிதமும் எழுதினேன்.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. கார்த்திகையில் ஆறு ஏறி ஒழுங்கைக்குள் வந்தது. வடிகான் பார்க்க அந்தப் பக்கம் போன ஒரு காலை, எல்லைக்கல்லடியில் ஒரு ஓட்டோ நிற்பதைக் கண்டேன். உள்ளேயிருந்து நான்கு பேர் அதே பிளாஸ்டிக் கதிரையில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் அவர்களின் தொடைக்கு நின்றது. பின்னால் அவள் ஆஸ்பத்திரிக் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவர் தன் செருப்பு இரண்டையும் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். கல்லைத் தாண்டிக் கொங்கிறீட்டில் கதிரையை இறக்கியதும் குனிந்து செருப்பைப் போட்டார். நான் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு ரோட்டால் போனேன்.

அதற்குப் பிறகு காற்றும் சேர்ந்துகொண்டது. தூக்குவதற்கு ஆள் கிடைக்காமலும், தண்ணீர் இடுப்பைத் தாண்டியும், தொடர்ந்து இரண்டு முறை அவரைக் கொண்டுபோகவில்லை. மார்கழி பிறந்து சில நாளில் அவர் செத்துப்போனார். ரோட்டு இருந்திருந்தால் அவர் உயிரோடு இருந்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். நான் வைத்தியன் அல்ல. அந்தச் சிறுநீரக வருத்தம் எப்படியும் ஆளைக் கொண்டுபோகிற வருத்தம்தான் என்று பலர் சொன்னார்கள். இரண்டு முறை போகவில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். செத்த வீட்டுக்கு நான் போகவில்லை. கந்தோரில் வேலை என்று மனைவியிடம் சொன்னேன். வெட்கம். வேறு காரணம் இல்லை.

முகத்துவாரம் வெட்டித் தண்ணீர் இறங்கியது. மாசிக் கூட்டத்தில் தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. வைகாசியில் கிரவல் போட்டோம், வர்த்தமானியும் பிறகு ஒருநாள் வந்தது. எல்லைக்கல்லைப் பிடுங்கி ஆற்றங்கரையில் நட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். இப்போது குப்பை வண்டி கிழமைக்கு ஒருமுறை கடைசி வளவுவரை போய்த் திரும்புகிறது. எந்த அறிக்கையில் எழுதினாலும் இது வெற்றியான இணைப்பு என்றே வரும். என் ஓய்வுப் பிரியாவிடையில் மேயர் இதையும் ஒரு சாதனையாகச் சொன்னார்.

அவர் சொல்லாதது அந்தத் தீர்மானத்துக்கு முந்திய தை மாதம் நடந்தது. புதிய படிவத்தோடு நான் திரும்பவும் அந்த ஒழுங்கைக்குப் போனேன். இம்முறை 'காணி உரித்தாளர்' என்று கட்டம் போட்டிருந்தேன். வேலிகளில் பழைய கோட்டுக்கு ஒரு முழம் மேலே புதிய கறைக்கோடு. பெண்கள் முன்னுக்கு வந்து கையெழுத்து வைத்தார்கள், சிலர் பெருவிரல் பதித்தார்கள். உள்ளதைச் சொல்லிவிடுவது என்று வீட்டிலிருந்து புறப்படும்போதே தீர்மானித்திருந்தேன். கரையிலிருந்து மூன்றாவது வீட்டில் என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அவள் வெள்ளைச் சேலையோடு கதவடியில் நின்றாள். மாமரத்தின் கீழ் கதிரை இல்லை. தாளை வாங்கினாள், இந்த முறை வாசிக்கவில்லை. எங்கே வைக்க வேண்டும் என்று விரலால் காட்டினேன். வைத்தாள். பேனையைத் திருப்பித் தரும்போது என் முகத்தைப் பார்த்தாள்.

"குறை நினைக்காதீங்க சேர். அண்டைக்கு அவர் வச்சது பிழையாப் போயிற்று எண்டு கடிதம் வந்திச்சு. வருத்தக்காரன், தெரியாம வச்சிட்டார். எங்கட பிழையால உங்களுக்கும் ரெண்டாந்தரம் அலைச்சல்."

சொல்லிப் பார்த்த சொற்கள் எல்லாம் வாய்வரை வந்தன.

"பரவாயில்ல" என்றேன்.

பேனையைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.